லேப் சாவி யாரிடம்? வாசகர் கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர், டேப்லெட், ஸ்மார்ட் போர்டு எல்லாம் நிஜமாகவே பயன்படுகின்றனவா என்று போன இதழில் கேட்டிருந்தோம். பண்ருட்டியிலிருந்து காரைக்கால் வரை கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: சார், எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்ச ரூபாய் தருகிறார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். பிள்ளைகளுக்கு டேப்லெட் என்கிறார்கள் மீதிப் பேர். கூட்டத்தில் ஒரே சண்டை. நீங்களே சொல்லிவிடுங்கள்.
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கடலூர் முதுநகர்

ப: இரண்டுமே வேண்டாம் என்று சொன்னால் இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத் திட்டும், பரவாயில்லை, உங்கள் கூட்டத்தில் ஒற்றுமையாவது வரும்.

முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையின் எர்த் சரியாக இருக்கிறதா, மின்னழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஊர். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிர்கிற இடத்தில் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கிற மெல்லிய செம்புத் தடங்கள் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். தினமும் ஓடுகிற இயந்திரம் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும், கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடப்பதுதான் சீக்கிரம் பச்சை பூக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோது தென்பெண்ணை எங்கெங்கே ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எதை வாங்கினாலும் தரையில் வைக்காதீர்கள், ஆள் இடுப்புக்கு மேலே மேடை கட்டி வையுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். பெரிய ஸ்மார்ட் போர்டு ஒன்று உங்கள் ஒரு லட்சத்தை அப்படியே விழுங்கிவிடும். அது கெட்டால் சரிபார்க்க முதுநகரில் ஆள் கிடையாது, கம்பெனிக்காரர் வரும் வரை அது சுவரில் தொங்கும் கறுப்புக் கண்ணாடி. அதே வேலையை முக்கால்வாசி செய்ய ஒரு 43 அங்குல டிவி போதும், அதைப் பழுது பார்க்க மெக்கானிக் தெருவுக்குத் தெரு உண்டு. மிச்சப் பணத்தில் இரண்டு, மூன்று கம்ப்யூட்டர், ஒரு நல்ல யுபிஎஸ். அப்புறம், இதுதான் முக்கியம், ஒரு இருபதாயிரத்தைத் தொடாமல் பேங்கில் போட்டு வையுங்கள். பேட்டரி, எலி கடித்த வயர், போன மவுஸ், எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் கல்வெட்டில் பேர் வருகிற பொருளுக்குத்தான் தருவார்கள், ரிப்பேர் செலவுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பேசிப் பாருங்கள்.

டேப்லெட் கட்சிக்கு ஒரு வார்த்தை. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு பிள்ளைகளுக்கு 8 லட்சத்துக்கும் மேல் சின்ன லேப்டாப்களை வாங்கிக் கொடுத்தது. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று உலகமெங்கும் பேசப்பட்ட திட்டம் அது. நூறு டாலரில் முடியும் என்று சொல்லி ஆரம்பித்தார்கள், அந்த விலைக்கு அது கடைசி வரை இறங்கவே இல்லை. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் லேப்டாப் வாங்கிய பிள்ளைக்கும் வாங்காத பிள்ளைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது, ஆனால் அதை வைத்து எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

நம் நாட்டிலேயே நேர் எதிராக ஒன்று நடந்தது. குஜராத்தில் வதோதரா நகரத்துச் சாதாரண ஆரம்பப் பள்ளிகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டே மணி நேரம், இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், கணக்கு விளையாட்டு மட்டும். கணக்கில் நல்ல முன்னேற்றம். பின்னால் 2019-ல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்த குழுதான் அதை அளந்தது. திட்டம் நின்று ஒரு வருடம் ஆனதும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, ஆளுக்கொரு டேப்லெட் தேவையில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு திரை முன்னால் உட்கார்ந்து ‘ஏய், அது தப்புடா’ என்று சண்டை போட்டுக்கொண்டு படிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வாரா வாரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: பள்ளியில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. ‘பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பில் வருகிறது. வைரஸ் என்று சொல்லி ஆஃப் செய்து வைத்துவிட்டார்கள். கீழே தேதி 2010 ஜனவரி என்று காட்டுகிறது. நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சரி செய்ய முடியுமா அண்ணா?
மாணவி, பண்ருட்டி

ப: கடைசி வரியில் நீயே விடையை எழுதிவிட்டாயம்மா. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை, பேட்டரி போய்விட்டது. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வட்டமாக ஒரு பேட்டரி பளபளவென்று இருக்கும், மேலே சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு, அதற்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி இருக்கும். உன் கம்ப்யூட்டர் 2010-ல் நிற்பதால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடுகிறது.

வாட்ச் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்து, சின்ன கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி மேலே எம்பும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வை. அப்புறம் தேதியைச் சரிசெய். மூடி திறந்திருக்கும்போதே ராம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போட்டுவிடு, நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் பாதி அதிலேயே உயிர் பெற்றுவிடும். எல்லாம் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது செய்.

கே: 1998-ல் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் மையம் ஒன்று வந்தது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். இன்றைக்கு என் பேரன் அதை நம்ப மாட்டேன் என்கிறான். உங்கள் பத்திரிகையில் வந்தால் நம்புவான்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வில்லியனூர்

ப: ஐயா, பேரனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

தம்பி, உன் தாத்தா சொல்வது அத்தனையும் உண்மை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு பணம் கொடுத்தது. அப்போது கிராமத்தில் டெலிபோன் லைனை நம்ப முடியாது, கரண்டையும் நம்ப முடியாது. அதனால் போலீஸ் வண்டியில் இருக்குமே அந்த மாதிரி விஎச்எஃப் ரேடியோவை வைத்து ஊருக்கு ஊர் தகவல் அனுப்பினார்கள், கூரையில் சோலார் தகடு போட்டார்கள். எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் நடந்தது, பெண்கள் அதை நடத்தினார்கள். நெல் விலை, அரசுத் திட்டங்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது வருவார், மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று அவரவர் ஊருக்கு எது வேண்டுமோ அது, தமிழில்.

வீராம்பட்டினத்தில் கேட்டது வேறு. மீனவர்களுக்கு நெல் விலை எதற்கு? கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, ஊருக்கு அனுப்பினால், அங்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை, வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில் அந்த மாதிரி ஒலிபெருக்கிதான் ஊரைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்ய, ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து மைக்கில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடும் படகும் போயின, ஜனங்கள் தப்பித்தார்கள்.

பள்ளிக்கூடக் கேள்விகளுக்கு நடுவில் இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துப் போடும் லேப்களில் நான் தேடிப் பார்த்தும் கிடைக்காத இரண்டு விஷயங்கள் அங்கே இருந்தன. ஊரைக் கேட்டுவிட்டுத்தான் என்ன தகவல் என்று முடிவு செய்தார்கள். மையத்தின் சாவி ஊர்க்காரர் கையில் இருந்தது. சுனாமி அன்று காலை சாவி எங்கேயாவது அலுவலக பீரோவில் இருந்திருந்தால்?

கே: மடிக்கணினித் திட்டத்தால் பயன் உண்டா, இல்லையா? ஒரே வரியில்.
வாசகர், விருத்தாசலம்

ப: உண்டு. (ஒரே வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மேற்கொண்டு கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விற்றுத் தின்றவர்களையும் பார்க்கலாம். ஆனால் அதைப் பள்ளியில் பாடத்தோடு சேர்த்து யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பிளஸ் டூவில் கையில் கொடுத்தால் பிள்ளை பரீட்சைக்குப் படிக்குமா, அதைத் திறக்குமா?)

கே: பாடம் நடத்தத் தந்த டேப்லெட்டில் நான் அதிகம் செய்வது எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் தகவல் தளம்) விவரம் ஏற்றுவதுதான். வருகைப் பதிவு, கணக்கெடுப்பு, போட்டோ, பயிற்சிக்கு ஆன்லைன் விடை... சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதுதான் தொழில்நுட்பமா சார்?
இடைநிலை ஆசிரியை, காட்டுமன்னார்கோவில் வட்டம்

ப: டீச்சர், இதற்கு நான் ஆறுதல்தான் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்துக்குள் தொழில்நுட்பம் இரண்டு வாசல் வழியாக நுழைகிறது. ஒன்று பிள்ளைக்காக, இன்னொன்று அலுவலகத்துக்காக. இரண்டாவது வாசல்தான் எப்போதும் அகலமாக இருக்கிறது, ஏனென்றால் அலுவலகம் கேட்டால் அன்றைக்கே பதில் போக வேண்டும், பிள்ளை கேட்டால் நாளைக்குச் சொல்லலாம். வருகைப் பதிவை ஆப்பில் போடுவதால் என்ன மிச்சம் என்று கேட்டால், பழைய ரிஜிஸ்டரையும் சேர்த்து எழுதச் சொல்கிற வரை ஒன்றும் மிச்சமில்லை. ஒரு விவரத்தை ஒரு முறைதான் கேட்போம் என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தால் உங்கள் டேப்லெட்டுக்கு விடுதலை. அதுவரை, முடிந்த இடத்தில் முதல் பீரியடில் சர்வரோடு மல்லுக்கட்டாமல் மதிய இடைவேளையில் ஏற்றிப் பாருங்கள், காலையில் மாநிலமே ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்போதுதான் அது அதிகம் சுற்றுகிறது.

கே: பிள்ளைகள் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டால் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள், ஆசிரியரே தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். நம் பக்கத்திலேயே நிரூபித்ததாகவும் சொன்னார்கள். அப்படியா?
கல்லூரி மாணவர், காரைக்கால்

ப: பாதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999-ல் டெல்லி கல்காஜியில் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டரை வைத்தார், பிள்ளைகள் தாங்களே பழகிக்கொண்டார்கள், உலகப் புகழ். பிறகு சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற தமிழ்க் கடலோரக் கிராமத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல் பாடத்தை கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். டிஎன்ஏ எல்லாம். 2010-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைப்படி, தாங்களாகவே படித்த பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் நடத்தப்பட்ட பிள்ளைகள் அளவுக்கு மதிப்பெண் எடுத்தார்கள். ஆச்சரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு ஒருவரைத் துணைக்கு வைத்தார்கள். அவருக்கு உயிரியல் தெரியாது. பாட்டி பேரப்பிள்ளைகளிடம் சொல்வது மாதிரி ‘அட, இது எப்படிப் பண்ணினே, இன்னொரு தடவை காட்டு’ என்று பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் மதிப்பெண் டெல்லியின் நல்ல தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு ஏறிவிட்டது. ஆக அந்த ஆய்வு ஆளே தேவையில்லை என்று காட்டவில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் காட்டியது. எங்கே அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையோ அங்கே சுவரில் ஓட்டை மட்டும் மிஞ்சிய இடங்களும் உண்டு. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மீதிக் கதையைக் கேளுங்கள்.

கே: என் மகன் ஒன்பதாவது. ‘போன்ல படிக்கிறேம்மா’ என்கிறான், எட்டிப் பார்த்தால் ரீல்ஸ். ஒரு ஆப்புக்கு வருடம் முப்பதாயிரம் கட்டினால் நன்றாகப் படிப்பான் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கட்டலாமா?
குடும்பத் தலைவி, நெல்லிக்குப்பம்

ப: வேண்டாம்மா. ரீல்ஸ் பார்க்கிற அதே போனில்தான் அந்த முப்பதாயிரமும் ஓடும். தமிழ்நாடு அரசின் மணற்கேணி ஆப்பில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை பாட வீடியோ இலவசமாக இருக்கிறது. 2019-லிருந்து கல்வித் தொலைக்காட்சி வருகிறது. பாடப் புத்தகத்தில் சதுரமாக ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அதைத் திறந்தாலும் பாடம் வரும். அவன் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று பள்ளியில் கேளுங்கள். அந்த வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, டேட்டாவை அணைத்து, கூடத்தில் எல்லோரும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். ‘உனக்குப் புரியாதும்மா’ என்பான். புரிகிற வரை சொல்லு என்று விடாமல் கேளுங்கள்.

கே: ஒரு கம்பெனியில் பத்துப் பழைய கம்ப்யூட்டரை எங்கள் பள்ளிக்குத் தருகிறார்கள். விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டதாம், 11 ஏறாதாம். குப்பையை நம் தலையில் கட்டுகிறார்கள் என்கிறார் ஒரு சக ஆசிரியர். வாங்கலாமா?
கணினி ஆசிரியர், லாஸ்பேட்டை

ப: ராம் 4 ஜிபியாவது இருந்து, திரை ஒளிர்ந்தால் தாராளமாக வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது, நிஜம். ஆனால் அதற்காக இயந்திரம் செத்துவிடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சின்னதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினால் பள்ளி வேலைக்கு இன்னும் சில வருடம் தாங்கும். நம் அரசு நிறுவனமான சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் இருக்கிறது, உபுண்டு இருக்கிறது, கடிதம், கணக்கு அடிக்க லிப்ரே ஆஃபீஸ் தமிழிலேயே வருகிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிவைத்துக்கொண்டால் நெட் இல்லாத நாளிலும் பிள்ளைகள் தேடலாம்.

பத்தும் ஓடும் என்று எண்ணாதீர்கள். ஏழு கம்ப்யூட்டரை ஓட்டுங்கள், மூன்றை உதிரிபாகத்துக்கு வையுங்கள். கடைசியில் கழிபவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்ப்போம் என்று அந்தக் கம்பெனியிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாதே என்று அந்த சக ஆசிரியர் அடுத்து ஆரம்பிப்பார். மாஹேயில் இருக்கும் உங்கள் துறை நண்பர்களைக் கேட்கச் சொல்லுங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடமாக லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்து இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிறது. 2018-லிருந்து ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளி தோறும் மாணவர் சங்கம் வைத்திருக்கிறார்கள், லேபைப் பராமரிப்பதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நீங்களும் எட்டாவது, ஒன்பதாவதில் குறும்பு அதிகமாகச் செய்கிற நாலு பேரைப் பிடித்து லேப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். உடைப்பான் என்று பயந்து பூட்டி வைக்கிற லேபில் ஓடாமலே எல்லாம் போய்விடும். இவன் உடைத்தால் இவனே சரிபண்ணக் கற்றுக்கொள்வான், மேலே பண்ருட்டி மாணவியைப் பாருங்கள்.

கே: நான் எட்டாவது படிக்கிறேன். தமிழில் வேகமாக டைப் அடிக்க எது நல்லது? அம்மா என்று வர ஆங்கிலத்தில் ஏ எம் எம் ஏ ஏ என்று அடிக்கிறோம், அதுவே போதுமா?
மாணவன், பரங்கிப்பேட்டை

ப: வாட்ஸ்அப்புக்குப் போதும். கட்டுரை, போட்டி, வேலை என்று போகும்போது தமிழ்99 பழகிக்கொள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ வேண்டுமா? ஆங்கில விசைப்பலகையில் ஏ, கே, கே, க்யூ இருக்கும் இடங்களைத் தட்டு: அ, ம, ம, ஆ. ஒரு தட்டு மிச்சம். போனில் பழக செல்லினம் ஆப்பில் தமிழ்99 இருக்கிறது, பள்ளிக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புதிதாக இருந்தால் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும், அதுதான் முதலில் கஷ்டமாக இருக்கும். அரையாண்டு லீவில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.